யாருக்கு எந்தப் பணி? பங்கில் அருள்கொடைகளைக் கண்டறிதல்



நம் பங்குகளில் அடிக்கடி நடப்பது இது. ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பு வாசிக்கப்படுகிறது. மறைக்கல்விக்கு இரண்டு ஆசிரியர்கள் தேவை; பாடகற்குழுவுக்கு ஆண் குரல்கள் தேவை; ஓர் அன்பியத்துக்குப் பொறுப்பாளர் தேவை; விருப்பமுள்ளவர்கள் பங்குத்தந்தையைச் சந்திக்கவும். அடுத்த ஞாயிறு வரை யாரும் வருவதில்லை. கடைசியில், கேட்டால் மறுக்கத் தெரியாத நாலு பேரிடமே எல்லாப் பணிகளும் போய்ச் சேருகின்றன. வாசகம் வாசிக்கும் சகோதரியே மறைக்கல்வி எடுக்கிறார். அவரே மாதா சபையின் செயலர். திருவிழா அசனத்துக்கும் அவரே பொறுப்பு. சில ஆண்டுகளில் சோர்ந்து, மனம் கசந்து, ஒருநாள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கிவிடுகிறார். அதே கோவிலில், கடைசி வரிசையில் இருபது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் ஒருவரை, "உங்களால் இதைச் செய்ய முடியுமா?" என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதில் இழப்பு இரண்டு. ஒருவரின் ஆர்வம் அளவுக்கு மீறிய சுமையால் அணைகிறது. மற்றவரின் கொடை பயன்படாமலே அணைகிறது. தூய ஆவியாரின் செயலை அணைத்துவிடக் கூடாது என்று புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியது (1 தெச 5:19) நம் பங்குகளுக்கும் எழுதியதுதான்.

காலியிடத்திலிருந்து தொடங்கி ஆளைத் தேடுவது நமது வழக்கம். ஆளிலிருந்து தொடங்கி, அவருக்குள் தூய ஆவியார் வைத்திருப்பதைக் கண்டறிந்து, அதற்கேற்ற பணியைத் தருவது திருச்சபை காட்டும் வழி. அந்த வழியைப் பற்றி இக்கட்டுரையில் சிந்திப்போம்.

அருள்கொடை என்றால் என்ன?

மூன்று சொற்களை நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, தூய ஆவியாரின் ஏழு கொடைகள். ஞானம், மெய்யுணர்வு, அறிவுரைத்திறன், ஆற்றல், நுண்மதி, இறைப்பற்று, இறையச்சம் என்று உறுதிபூசுதலுக்குத் தயாரிக்கும்போது நாம் மனப்பாடம் செய்தவை. எசாயா நூலை (எசா 11:2-3) அடிப்படையாகக் கொண்டவை. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் தூயவராக வளர்வதற்காக அளிக்கப்படுபவை இவை.

இரண்டாவது, அருள்கொடைகள். இவை ஆளுக்கு ஆள் வேறுபடுபவை. பெறுபவரின் நலனுக்காக மட்டுமன்றி, பிறருடைய நலனுக்காகவும் திருச்சபையைக் கட்டியெழுப்புவதற்காகவும் கொடுக்கப்படுபவை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இவற்றை 799 முதல் 801 வரையுள்ள எண்களிலும், 2003ஆம் எண்ணிலும் விளக்குகிறது. சில கொடைகள் வியப்பூட்டுபவை. சில மிக எளிமையானவை. இரண்டும் ஒரே ஆவியாரிடமிருந்தே வருகின்றன.

மூன்றாவது, இயற்கைத் திறமை. நல்ல குரல், கணக்கில் கூர்மை, மேடைப் பேச்சு ஆகியவை பிறவியிலோ பயிற்சியிலோ வருபவை. இறைவன் ஒரு திறமையையே அருள்கொடைக்குக் கருவியாகப் பயன்படுத்தலாம். ஆனால் திறமை இருக்கும் இடமெல்லாம் அருள்கொடை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவர் பாடினால் "என்ன குரல்!" என்று வியக்கிறோம். இன்னொருவர் பாடினால் நாமும் வாய் திறந்து பாடுகிறோம்; மனம் செபத்துக்குள் போகிறது. முன்னவரிடம் திறமையைக் கண்டோம். பின்னவரிடம் அருள்கொடையின் அடையாளத்தைக் காண்கிறோம்.

விவிலியம் காட்டும் மனிதர்கள்

இறைவனின் ஆவியால் நிரப்பப்பட்டார் என்று விவிலியம் தெளிவாகச் சொல்லும் தொடக்ககால மனிதர்களில் ஒருவர் பெட்சலேல். அவர் குருவும் அல்லர், இறைவாக்கினரும் அல்லர். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்யும் கைவினைஞர். சந்திப்புக் கூடாரத்தை அமைப்பதற்காக ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார் (விப 31:1-5). ஒலிபெருக்கியைச் சரிசெய்பவரையும், குடில் கட்டுபவரையும், சப்பரம் சோடிப்பவரையும் "வேலைக்காரர்கள்" என்று எண்ணுபவர்கள் இப்பகுதியை ஒருமுறை வாசிப்பது நல்லது.

மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து மக்களின் வழக்குகளைக் கேட்டதைப் பார்த்த அவருடைய மாமனார் இத்திரோ, இப்படிச் செய்தால் நீயும் களைத்துப்போவாய், மக்களும் களைத்துப்போவார்கள் என்று எச்சரித்தார். இறையச்சமும் நேர்மையும் உள்ளவர்களை, கையூட்டை வெறுப்பவர்களைத் தேர்ந்து, ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் தலைவர்களாக ஏற்படுத்தச் சொன்னார் (விப 18:13-26). எல்லாவற்றையும் தாமே செய்யும் பங்குத்தந்தைக்கும், எல்லாவற்றையும் தாமே பிடித்துவைத்திருக்கும் பேரவைச் செயலருக்கும் இத்திரோவின் எச்சரிக்கை பொருந்தும்.

திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அந்த முறையீட்டை அடக்கவில்லை. நற்சான்று பெற்ற, தூய ஆவியாலும் ஞானத்தாலும் நிறைந்த எழுவரைத் தெரிந்தெடுக்கும்படி சீடர்களிடமே சொன்னார்கள். சபை தேர்ந்தெடுத்தது, திருத்தூதர்கள் செபித்துக் கைகளை வைத்தார்கள். தேர்வு பெற்ற எழுவருக்கும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்ட தரப்பின் குரலைப் புரிந்துகொள்ளக்கூடியவர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகவே அறிஞர் பலர் இதைக் காண்கின்றனர்.

கதை அங்கே முடியவில்லை. பந்தி பரிமாற நியமிக்கப்பட்ட ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் தலைமைச் சங்கத்தின் முன் சான்று பகர்ந்து உயிர் துறக்கிறார். பிலிப்பு சமாரியாவுக்குச் சென்று நற்செய்தி அறிவிக்கிறார். பிற்பாடு அவருக்கு நற்செய்தியாளர் என்ற பெயரே நிலைக்கிறது (திப 21:8). ஒரு பணிக்குள் நுழைந்தவர்களிடம் அதைவிடப் பெரிய கொடை வெளிப்பட்டது. சும்மா உட்கார்ந்து "எனக்கு என்ன கொடை?" என்று யோசிப்பவருக்குக் கிடைக்காத பதில், பணி செய்யத் தொடங்குபவருக்குக் கிடைக்கிறது.

புனித பவுல் கொடைகளை உரோமையர் 12:6-8, 1 கொரிந்தியர் 12:8-10, 12:28, எபேசியர் 4:11 ஆகிய இடங்களில் பட்டியலிடுகிறார். எந்த இரண்டு பட்டியலும் ஒன்றாக இல்லை. கொடைகளின் எண்ணிக்கை இவ்வளவுதான் என்று மூடிவிட அவர் விரும்பவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. 1 கொரிந்தியர் 12:28இல் நலமளிக்கும் கொடைக்கும் பரவசப் பேச்சுக்கும் நடுவே, துணை நிற்பதும் நிர்வாகம் செய்வதும் இடம் பெறுகின்றன. நிர்வாகத்துக்கு அங்கே வரும் கிரேக்கச் சொல், கப்பலின் சுக்கானைப் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. கடலோரப் பங்குகளில் இதை விளக்க வேண்டியதில்லை. துடுப்பு போடுபவர் பலர். அலையைப் பார்த்துத் திசை பிடிப்பவர் ஒருவர். அதுவும் தூய ஆவியார் தரும் கொடையே.

திருச்சபையின் போதனை

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் இதைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. அருள்கொடைகள் தொடக்கத் திருச்சபையில் மிகுதியாக இருந்தன, இன்று அவை மிக அரிது என்பது பலேர்மோ நகர்க் கர்தினால் ருஃபினி அவர்களின் கருத்து. இதற்கு மறுமொழியாக 1963 அக்டோபரில் பெல்ஜியம் நாட்டுக் கர்தினால் சூனன்ஸ் பேசினார். அருள்கொடைகள் திருச்சபையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அணிகலன்கள் அல்ல, அதன் வாழ்வுக்கே தேவையானவை. ஒவ்வொரு பங்கிலும் மறைமாவட்டத்திலும் அவை இன்றும் உள்ளன என்பதே அவரது வாதம். சங்கத்தில் பெண்களும் பார்வையாளர்களாக அழைக்கப்பட வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். 1964இல் தொடங்கிய மூன்றாம் அமர்வில் பெண்கள் அழைக்கப்பட்டார்கள்.

1964 நவம்பரில் வெளிவந்த திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், 12ஆம் எண்ணில், தூய ஆவியார் எல்லா நிலையிலும் உள்ள இறைமக்களுக்குச் சிறப்பு அருள்களைப் பகிர்ந்தளிக்கிறார் என்று கற்பித்தது. அவற்றின் உண்மையைச் சோதித்தறியும் பொறுப்பு திருச்சபையின் தலைவர்களுக்கு உண்டு என்றும், அணைத்துவிடுவது அவர்கள் வேலையன்று என்றும் அதே எண் சொல்கிறது. 1965இல் வந்த பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய ஏடு ஒரு படி மேலே சென்று, கொடையைப் பெற்றவருக்கு அதைப் பயன்படுத்தும் உரிமையும் கடமையும் உண்டு என்று 3ஆம் எண்ணில் கூறுகிறது. ஆகவே ஒரு விசுவாசி தம் கொடையோடு முன்வரும்போது, அவர் பங்குத்தந்தையிடம் சலுகை கேட்கவில்லை.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தகுதியுள்ள பொதுநிலையினரைத் திருச்சபைப் பொறுப்புகளில் அமர்த்தலாம் என்கிறது (228). சிறப்புப் பணியில் ஈடுபடுவோர் அதற்குரிய பயிற்சி பெறக் கடமைப்பட்டுள்ளனர் என்றும் சொல்கிறது (231). மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2021 சனவரியில் வாசகர், பீடத்துணையாளர் ஆகிய நிலையான பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான பணியாக ஏற்படுத்தினார். 2024 அக்டோபரில் நிறைவுற்ற ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடும் அழைத்தல்கள், அருள்கொடைகள், பணிகள் ஆகியவற்றை ஒருங்கே பேசுகிறது.

நம் மண்ணுக்கு இது புதிதன்று. மறைப்பணியாளர்கள் ஒரு சிலரே இருந்த காலத்தில், ஊர் ஊராக விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களே. வேதியர் என்று அன்று அழைக்கப்பட்ட அவர்களுக்காகவே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை எழுதினார். ஆளைத் தேர்ந்தால் மட்டும் போதாது, உருவாக்கவும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கேள்வித்தாள்கள் உதவுமா?

அமெரிக்காவில் 1970களிலிருந்தே பிரிந்த சபைகள் சிலவற்றில், கேள்வித்தாள் மூலம் ஒருவரின் கொடையைக் கண்டறியும் முறை பரவியது. கத்தோலிக்கரிடையே 1997இல் தொடங்கப்பட்ட சியன்னா நகர்ப் புனித கத்தரீன் நிறுவனம் இதைத் திருச்சபையின் போதனையோடு இணைத்து வளர்த்தது. 24 அருள்கொடைகளைப் பட்டியலிட்டு, கேள்வித்தாள், பயிலரங்கு, தனி உரையாடல், பின்பு நடைமுறையில் சோதித்துப் பார்த்தல் என்று படிப்படியாக நடத்துகிறார்கள். கேள்வித்தாள் தொடக்கம் மட்டுமே என்று அவர்களே வலியுறுத்துகிறார்கள்.

நாமும் அந்த அளவில் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் குறைகளை அறிந்திருக்க வேண்டும். கேள்வித்தாளில் பதிவாவது ஒருவர் தம்மைப் பற்றி நினைப்பதே. கூச்சமுள்ள தாய் தமக்குக் குறைவாக மதிப்பெண் போடுவார். தன்னம்பிக்கை மிகுந்தவர் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் போடுவார். எழுதப் படிக்கத் தயங்குபவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அருள்கொடையோ பெறுபவரிடத்தில் தெரிவதைவிட, அதனால் பயன்பெற்றவர்களிடத்தில்தான் தெளிவாகத் தெரியும். ஆகவே அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு விவிலியத்தில் நமக்கு முன்மாதிரி பர்னபா. சவுலைக் கண்டு எருசலேம் சபை அஞ்சியபோது, அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று திருத்தூதர்களிடம் அறிமுகப்படுத்தியவர் அவர் (திப 9:27). அந்தியோக்கியாவில் பணி பெருகியபோது, தர்சு வரை சென்று சவுலைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தவரும் அவரே (திப 11:25-26). இடையில் விட்டுச் சென்ற மாற்குவைப் பவுல் ஏற்க மறுத்தபோது, அவரைத் தம்மோடு கூட்டிச் சென்றார் (திப 15:37-39). பிற்காலத்தில் பவுலே மாற்குவைத் தமக்குப் பயனுள்ளவர் என்று கேட்டு அழைக்கிறார் (2 திமொ 4:11). பிறரிடம் உள்ள கொடையைக் காணும் கண் பர்னபாவின் கொடை. ஒவ்வொரு பங்கிலும் இப்படிப்பட்டவர் சிலர் இருப்பார்கள். பங்குத்தந்தை முதலில் தேட வேண்டியது அவர்களைத்தான்.

பங்கில் செய்யத்தக்க படிகள்

1. செபமும் போதனையும். விண்ணேற்றப் பெருவிழாவுக்கும் தூய ஆவியார் பெருவிழாவுக்கும் இடைப்பட்ட நாள்கள் இதற்கு ஏற்றவை. அந்த நவநாளில் ஒவ்வொரு நாளும் ஒரு கொடையைப் பற்றிச் சிந்திக்கலாம்.

2. அன்பியக் கூட்டத்தில் பகிர்வு. ஒருவர் தம்மைப் பற்றிப் பேசாமல், அடுத்தவரிடம் தாம் கண்ட நன்மையைச் சொல்லட்டும். "என் கணவர் இறந்தபோது இந்த அக்காதான் நாற்பது நாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாங்க" என்று ஒருவர் சொன்னால், இரக்கம் என்னும் கொடை (உரோ 12:8) அங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்த அக்காவுக்கே அது செய்தியாக இருக்கும்.

3. தனி உரையாடல். மூன்று கேள்விகள் போதும். எதைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை? எதற்காக மற்றவர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள்? பங்கில் எந்தக் குறையைப் பார்க்கும்போது உங்கள் மனம் சும்மா இருப்பதில்லை? குடும்பச் சூழல், வேலை நேரம், உடல்நலம் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். இரவுப் பணிக்குச் செல்பவரைக் காலைத் திருப்பலி வாசகராகப் போடுவது இரக்கமற்ற செயல்.

4. சோதனைக் காலம். மூன்று மாதம் ஒரு பணியில் ஈடுபட்டுப் பார்க்கட்டும். அனுபவமுள்ள ஒருவர் உடன் இருக்கட்டும். பொருந்தவில்லையென்றால் வெட்கமின்றி விலகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

5. சேர்ந்து மதிப்பிடுதல். நான்கு அடையாளங்களைப் பாருங்கள். அவருடைய பணியால் பிறர் விசுவாசத்திலோ ஆறுதலிலோ ஒற்றுமையிலோ வளர்கிறார்களா? களைப்பு இருந்தாலும் உள்ளத்தில் மகிழ்ச்சி இருக்கிறதா? சமூகம் அவரை ஏற்று உறுதிப்படுத்துகிறதா? மற்றவர்களோடு இணைந்து, திருத்தினால் ஏற்றுக்கொண்டு செய்கிறாரா? நான்காவது இல்லாவிட்டால், முதல் மூன்றும் நீண்ட நாள் நிற்காது.

6. அனுப்பும் சடங்கு. ஞாயிறு திருப்பலியில் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, மந்திரித்து, பணிக்கு அனுப்புங்கள். பணி பதவியாகத் தெரியாமல் அழைத்தலாகத் தெரிவதற்கு இது உதவும்.

எந்தக் கொடைக்கு எந்தப் பணி?

கற்பிக்கும் கொடை மறைக்கல்விக்கு உரியது. பள்ளி ஆசிரியர் என்பதாலேயே ஒருவருக்கு இக்கொடை இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளை பெற்றோரிடம் இயேசுவைப் பற்றிக் கேள்வி கேட்கிறதா என்று பாருங்கள். அப்படிக் கேட்க வைப்பவர் ஒரு தையற்காரராகவோ கல்லூரி மாணவியாகவோ இருக்கலாம்.

வாசகருக்குத் தெளிவான உச்சரிப்பு வேண்டும். அதற்குமேல், இறைவார்த்தையை முந்தின நாளே செபித்து வாசிக்கும் பழக்கம் வேண்டும். தமக்கே பிடிபடாத வாசகத்தை அவர் மக்களுக்கு அறிவிக்க இயலாது.

இரக்கத்தின் கொடை நோயாளரையும் துக்க வீட்டையும் சந்திக்கும் பணிக்கு உரியது. நிறைய அறிவுரை சொல்பவர் இதற்கு ஏற்றவர் அல்லர். காது கொடுப்பவரே ஏற்றவர். 1833இல் பாரீசில் மாணவர் பிரெடரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையில், ஏழைகளை அவர்களுடைய வீட்டிலேயே போய்ச் சந்திப்பதுதான் தொடக்கம் முதல் முதன்மையான பணி. உதவிப் பொருளோடு ஆளும் போக வேண்டும்.

ஊக்கமூட்டும் கொடை உள்ளவர்களை அன்பியப் பொறுப்பிலும் இளையோர் பணியிலும் அமர்த்துங்கள். அவர்கள் பேசி முடித்ததும் அடுத்தவர் பேசத் துணிவு பெறுவார்.

நிர்வாகக் கொடை பங்குப் பேரவைக்கும் நிதிக்குழுவுக்கும் தேவை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (537). கணக்குத் தெரிந்திருப்பதோடு, கணக்கைத் திறந்து காட்டும் மனமும் வேண்டும். உரோமைத் திருச்சபையின் உடைமைகளுக்குப் பொறுப்பாயிருந்து, ஏழைகளே அதன் செல்வம் என்று காட்டியதாகப் போற்றப்படும் புனித லாரன்ஸ் இவர்களுக்கு முன்மாதிரி.

விருந்தோம்பும் கொடை (1 பேது 4:9) கோவில் வாசலில் வெளிப்படட்டும். புதிதாகக் குடிவந்த குடும்பம், வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர், பல ஆண்டுகளுக்குப் பின் கோவிலுக்கு வரும் ஒருவர் ஆகியோரை முதலில் கண்டு புன்னகைப்பவர் யார் என்று கவனியுங்கள்.

ஈகையும் ஒரு கொடையே. உள்நோக்கம் இன்றி, தாராளமாகக் கொடுப்பவரிடம் அதைக் காணலாம். நன்கொடைக்கு ஈடாகப் பேரவையில் இடமோ கல்வெட்டில் பெயரோ எதிர்பார்த்தால் அது வேறு கணக்கு.

செபத்தின் பணியை மறக்க வேண்டாம். வீட்டைவிட்டு வெளியே வர இயலாத முதியோரிடம் பங்கின் தேவைகளை எழுதிக் கொடுத்து, தினமும் ஒரு செபமாலை ஒப்புக்கொடுக்கக் கேளுங்கள். "இனி நான் யாருக்கும் பயன்படமாட்டேன்" என்று எண்ணியவர் மீண்டும் பணியாளராகிறார்.

தடையாக நிற்பவை

வசதி, குடும்பப் பெயர், சாதி ஆகிய மூன்றும் பல இடங்களில் கொடையைக் காணவிடாமல் கண்ணை மறைக்கின்றன. தாத்தா காலத்திலிருந்து இப்பொறுப்பு எங்கள் குடும்பத்துக்கு என்கிறார்கள். தேர்த் திருவிழாவில் யார் முன்னே நிற்பது என்பதில் சண்டை வருகிறது. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஏட்டை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகிய பொதுநிலையினர் தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய சுரூபத்துக்கு மாலை போட்டுவிட்டு, வாசகர் பட்டியலிலும் பேரவையிலும் நற்கருணைப் பணியிலும் ஒரு தெருவின் மக்கள் மட்டும் இல்லாதிருப்பதைப் பார்க்காமல் இருந்தால், நம் பக்தியில் உண்மை இல்லை. தூய ஆவியார் தெரு பார்த்துக் கொடை கொடுப்பதில்லை. உங்கள் பங்கின் பொறுப்பாளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யார் இல்லை என்று எண்ணுங்கள். அங்கேதான் இன்னும் கண்டறியப்படாத கொடைகள் இருக்கின்றன.

கொடை மட்டும் போதுமா?

போதாது. கொடையோடு நற்குணமும் பயிற்சியும் பாதுகாப்பு நெறிகளும் வேண்டும். சிறாரோடு பணியாற்ற வருபவர் எவ்வளவு திறமையானவராயினும், அவரைப் பற்றி விசாரித்து அறிந்த பின்னரே அனுமதிக்க வேண்டும். ஒரு குழந்தையோடு பெரியவர் தனித்திருக்கும் சூழலைத் தவிர்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பங்கின் பெயர் கெடும் என்று மறைப்பது பாவமும் குற்றமும் ஆகும்.

பணிக்குக் கால வரையறையும் வேண்டும். மூன்று ஆண்டு முடிந்ததும் நன்றி சொல்லி ஓய்வு கொடுங்கள். அவர் தம் இடத்துக்கு இன்னொருவரை உருவாக்கியிருந்தால், அதுவே அவருடைய பணியின் நல்ல கனி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "அது என் கொடை இல்லை" என்பது சோம்பலுக்குப் போர்வையாகிவிடக் கூடாது. அசனம் முடிந்த பின் பாத்திரம் கழுவுவதற்கும், மழைநீர் புகுந்த கோவிலைக் கூட்டித் துடைப்பதற்கும் சிறப்புக் கொடை யாருக்கும் தேவையில்லை. சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் (யோவா 13) அந்த வேலையை யாருடையது என்று கேட்கவில்லை. கொடைகளைப் பற்றிப் பேசி முடித்ததும் புனித பவுல் அன்பைப் பற்றிப் பேசுகிறார் (1 கொரி 13). அன்பு இல்லாத இடத்தில் எல்லாக் கொடைகளும் வெறும் ஓசையாகிவிடும். அன்பு உள்ள இடத்தில் ஒருவரின் கொடையைப் பார்த்து மற்றவர் பொறாமைப்படமாட்டார்.

சிந்தனைக்கு

1. என்னால் யார் விசுவாசத்திலோ ஆறுதலிலோ வளர்ந்திருக்கிறார்கள்? அதில் எந்தக் கொடை தெரிகிறது?
2. எனக்குப் பொருந்தாத பணியைப் பெயருக்காகப் பிடித்துவைத்திருக்கிறேனா?
3. இதுவரை யாரும் கேட்காத ஒருவரிடம் உள்ள கொடையை இந்த வாரம் நான் அவரிடம் எடுத்துச் சொல்வேனா?

செபிப்போம்

தூய ஆவியாரே, எங்கள் பங்கில் நீர் விதைத்திருக்கும் கொடைகளைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். சுமையால் களைத்தவர்களுக்கு இளைப்பாறுதலையும், ஒதுங்கியிருப்பவர்களுக்குத் துணிவையும், அழைக்க வேண்டியவர்களுக்குப் பர்னபாவின் உள்ளத்தையும் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.